விரலி, தொண்ணூறு நாள் தவணை

விரலியை ஒடித்தால் சத்தம் வரவேண்டும்.
வராவிட்டால் உள்ளே ஈரம்.
நசியனூர் ரோட்டுக் குடோனில்
பதினோரு வருசமாக நான் கணக்கு;
எங்களுக்குக் காதுதான் முதல் தராசு.
ஒரு நாட்டை எப்படி ஒடித்துப் பார்ப்பது?

பதினெட்டு டன்.
தூத்துக்குடியில் ஏறி, கடல் தாண்டி,
ஹில்மி முதலாளியின் கிட்டங்கியில் இறங்கி,
அந்தத் தீவின் குழம்புகளில் கரைந்தும் போய்விட்டது.
தொண்ணூற்றோராம் நாள் போன் போட்டேன்.
"காசு கட்டிட்டேன் தங்கச்சி,
முழுசா, எங்கட ரூபாயில, பேங்க்ல.
பேங்க்லதான் டொலர் இல்ல."

கட்டியவன் கட்டிவிட்டான்.
கடன் அப்படியே நிற்கிறது.
இதை எந்தப் பக்கம் எழுத,
வரவிலா, பற்றிலா?

பிறகு ஒவ்வொன்றாய்ச் சொன்னார்.
தேர்தலுக்கு முன்னால்
வரியைப் பாதியாக்குகிறோம் என்றார்களாம்.
"நானும் வெடி கொளுத்தினேன்,
பொய் சொல்லக் கூடாது."
வரி குறைந்தது; கஜானா மெலிந்தது.
வெளியே கடன் கொடுத்தவர்கள்
மெலிந்தவனைப் பார்த்து வட்டியை ஏற்றினார்கள்.
ஆஸ்பத்திரியில் ஊசிமருந்து தீர்ந்த அதே வாரம்
பத்திரக்காரர்களுக்குப் பைசா பாக்கியில்லாமல்
தவணை போனது, முகம் காக்க.
அப்புறம் டாலரை மிச்சம் பிடிக்க
எதை நிறுத்தலாம் என்று தேடி
மஞ்சளை நிறுத்தினார்கள்.

மஞ்சளை!
எங்களிடம் இன்னும் நானூறு மூட்டை.

கருங்கல்பாளையம் சந்தையில்
மாட்டு விலை துண்டுக்கடியில் நடக்கும்.
விரல் விரலைப் பிடிக்கும்,
முகத்தில் ஒன்றும் தெரியாது.
மாட்டுக்கு அதுகூடத் தெரியாது.
எங்கோ ஏசி அறையில்
அந்தத் தீவுக்கும் இப்படித்தான் பேசுகிறார்கள்.
எவனுக்குத் துறைமுகம் வேண்டும்,
எவனுக்கு ஐ.நா.வில் ஓட்டு வேண்டும்,
எவன் முதலில் கையை எடுப்பான்,
எல்லாம் துண்டுக்குள்.
ஹில்மியின் இன்வாய்ஸ் அங்கே சுண்டுவிரல்கூட இல்லை.

வெளியாள் போலச் சொல்லிக்கொண்டே போகிறேன், பாருங்கள்.

மாசக் கடைசியில் என் மேசைக்கு வாருங்கள்.
முதலில் பேங்க் ஓடி வட்டி; தப்பினால் பேர் கெடும்.
அடுத்தது பைனான்ஸ்காரர்; அவர் பையன்
புல்லட்டை அணைக்காமலே வாசலில் நிற்பான்.
அடுத்து லாரி வாடகை.
கொடுமுடி கிட்டுசாமி எட்டு மாசமாய் வருகிறார்.
மஞ்சள் அவர் மஞ்சள்.
"தோதுப்பட்டப்பக் குடுங்" என்று
தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவார்.
சத்தம் போடாதவர்,
அதனால் கடைசி.
அந்த வரிசையை எழுதிய கை இது.
எந்த மந்திரியும் வந்து என் பேனாவைப் பிடிக்கவில்லை.

ஆடியில் ஹில்மியின் கடிதம்.
அவர் கட்டிய ரூபாய் பேங்கிலேயே கிடந்து
டாலருக்குப் பாதியாக இளைத்துவிட்டதாம்.
நூற்றுக்கு ஐம்பத்தைந்து வரும்,
மிச்சத்தைக் கேளாதீர்கள் என்றிருந்தார்.
பெரிய இடத்தில் இதற்கு முடிவெட்டு என்று பேராம்.
பழனியில் கொடுக்கிற முடி
நாமாக நேர்ந்துகொண்டது.
இங்கே கத்தி வைத்த பிறகுதான்
தலை யாருடையது என்று தெரிகிறது.
முதலாளி சம்பூரணம் கையெழுத்துப் போட்டார்.
பேனாவில் இரண்டு தரம் மை வரவில்லை.

நேற்று ராத்திரி மண்டபத்திலிருந்து ஒரு குரல்:
பில் வேண்டாம், நாற்பது மூட்டை,
இருட்டில் படகு, கையில் ரொக்கம்.
தடை போட்ட ஊரில் மஞ்சள் இப்போது
எட்டு மடங்கு விலையாம்.
கிட்டுசாமியின் பாக்கி
அந்த ரொக்கத்துக்குள் அடங்கிவிடும்.
கால்குலேட்டரில் இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன்.

"நாளைக்குச் சொல்றனுங்" என்றேன்,
கிட்டுசாமியிடம் சொல்கிற
அதே குரலில்.